அண்ணனை எங்கே குடியேற்றினார்கள்?

எங்கள் அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கண்ணீருக்கு முன்னால் கோபம் வந்து நிற்கிறது. அவர் மறைந்து ஒரு மாதமாகியும் அது அடங்கவில்லை. கருமாதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் தோட்டத்து மக்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பிள்ளைக்காம்பராவில் அடுத்தவர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டியவள். மேடைத் தமிழ் எனக்கு வராது. எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தினாள். கோபத்தைத் திருத்த நான் விடவில்லை.

அண்ணன் பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் இதே தேயிலைத் தோட்டத்தில், மேல்பிரிவின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டால் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவர் அவர்தான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஐந்து வகுப்புகளையும் படித்தார். அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை. எழுபதுகளில் முதலில் பஞ்சம் வந்தது, பின்னால் கலவரம் வந்தது. எங்கள் லயத்துக்குத் தீ வைத்த பிறகு அப்பாவும் அம்மாவும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் போய்விட்டார்கள். நான் அப்போதுதான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். அதனால் இங்கேயே தங்கிவிட்டேன்.

அங்கே அவர்கள் காடு வெட்டி, மண்வீடு கட்டி, கடலையும் மிளகாயும் போட்டார்கள். அண்ணனுக்குக் கல்யாணமும் அங்கேதான் நடந்தது. அப்பாவையும் அம்மாவையும் அடக்கம் செய்ததும் அந்த மண்ணில்தான். பிறகு யுத்தம் வந்தது. அண்ணனும் அண்ணியும் கட்டிய துணியோடு மன்னார்க் கரைக்குப் போய்ப் படகேறினார்கள். தமிழ்நாட்டில் ஒரு முகாமில் பல வருடம் இருந்தார்கள். அண்ணன் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனார். ஊரில் உள்ளவர்களின் புது வீடுகளுக்கெல்லாம் வர்ணம் பூசிவிட்டு, சாயங்காலம் கணக்கெடுப்புக்கு முகாமுக்கு ஓடி வருவாராம். அண்ணி அங்கேயே நோயில் போய்ச் சேர்ந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

யுத்தம் முடிந்ததும் முகாமுக்கு அதிகாரிகள் வந்து பேசினார்கள். நாட்டுக்குத் திரும்பினால் மீள்குடியேற்ற உதவி உண்டு, அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது, வீடு கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அண்ணன் நம்பினார். சொன்னவர்கள் கோட்டும் சூட்டுமாக வந்திருந்தார்களாம், எப்படி நம்பாமல் இருப்பது?

விமானத்தில் வந்து இறங்கி நேரே வவுனியாவுக்குப் போனார். அவர்கள் வெட்டிய நிலம் திரும்பவும் காடாகிக் கிடந்தது. அதைச் சுற்றி அரசாங்கம் எல்லைக்கல் நட்டிருந்தது. மீள்குடியேற்ற அலுவலகத்தில் இருந்தவர் கேட்டாராம்:

"காணிக்குப் பத்திரம் இருக்கோ ஐயா?"

"பத்திரம் இல்லீங்க. எங்கப்பா வெட்டுன காடுங்க அது."

"நீங்கள் மலைநாட்டு ஆக்கள்தானே? அங்கை போய்க் கேட்டுப் பாருங்கோ. வீட்டுக் காசு காணி உள்ளாக்களுக்குத்தான்."

வெறுங்கையோடு அனுப்பினால் நன்றாக இருக்காது என்று நினைத்தார்களோ என்னவோ, திரும்பி வந்தவர்களுக்குக் கொடுக்கும் கூரைத் தகரங்களையும் ஒரு மண்வெட்டியையும் கோடரியையும் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நிலம் இல்லாத மனிதருக்கு மண்வெட்டி! பூண்டுலோயா டவுனில் மரக்கறி வியாபாரம் செய்யும் முஸ்லிம் நானாவின் லொறி அன்றைக்கு வவுனியாவில் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அதில் தகரங்களை ஏற்றிக்கொண்டு அண்ணன் என்னிடம் வந்து சேர்ந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டது எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு மாசந்தான் தங்கச்சி, அப்புறம் எனக்குன்னு ஒரு எடம் பாத்துக்கிருவேன்" என்பதுதான்.

எங்கள் வீடு எல்லோருக்கும் தெரிந்த வீடுதான். ஒரு காம்பரா, ஒரு குசினி, முன்னால் திண்ணை போல ஓர் இஸ்தோப்பு. அண்ணன் அந்த இஸ்தோப்பில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்துக்கொண்டார். தன் பையை ஒருநாளும் பிரித்து வைக்கவில்லை. குளிக்கும்போது மட்டும் ஒரு சாரத்தை வெளியே எடுப்பார், காய்ந்ததும் மடித்து உள்ளே வைத்துவிடுவார். நானும் என் வீட்டுக்காரரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம்.

"மச்சான், இது ஒங்க வீடுங்க. பைய உள்ள வைங்க" என்பார் என் வீட்டுக்காரர்.

"இருக்கட்டுங்க மச்சான். பொங்கல் முடிஞ்சதும் கெளம்பிருவேன்."

லயத்துக்குப் பின்னால் நாங்கள் முட்டைக்கோவா போடும் துண்டு நிலத்தில் ஒரே ஒரு அறை போட்டுக்கொள்ளத் தோட்டத் துரையிடம் அனுமதி கேட்டார். செக்குரோலில், அதாவது தோட்டத்தின் தொழிலாளர் பதிவில், பேர் இல்லாதவருக்கு இடம் கிடையாது என்று பதில் வந்தது. நிலம் அரசாங்கத்தினுடையது, கம்பெனிக்குக் குத்தகை மட்டும்தான், அங்கே போய்க் கேள் என்றார்கள். அரசாங்கத்திடம் போனால், தோட்டத்து நிலம் கம்பெனியின் பொறுப்பில் இருக்கிறது, அங்கே கேள் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பொறுமை இழந்து நாலு கம்பை நட்டுத் தகரத்தை ஏற்றிவிட்டார். மறுநாள் காலையில் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா காவல்காரருடன் வந்து நின்றார்.

"நீங்களே கழட்டிருங்க பெரியவரே. நாங்க கழட்டுனா ஒடஞ்சி போகும்."

அண்ணன் தானே ஏறி ஆணிகளைப் பிடுங்கினார். வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். அன்று மத்தியானம் அவர் சோறு சாப்பிடவில்லை. அடுத்த மழைக்கு முன்பு, லயத்தில் எந்தெந்தக் காம்பராக்கள் ஒழுகின என்று பார்த்து, அந்தத் தகரங்களை எடுத்துப்போய்த் தன் கையாலேயே அடித்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. எங்கள் அண்ணனின் நற்குணங்களைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

பிரதேச செயலகத்துக்கு நானும் அவருடன் போனேன். அலுவலர் கணினியைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார், இவருடைய விஷயம் முடிந்துவிட்டது, வவுனியாவில் உதவி பெற்றுக்கொண்டு மீள்குடியேறிவிட்டார் என்று. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் கேட்டேன், "குடியேறியவர் ஏன் ஐயா உங்கள் முன்னால் வந்து நிற்கிறார்?" அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் கணினியில் இருப்பதை அவரால் மாற்ற முடியாதாம். இந்த மாவட்டத்தில் யுத்தம் நடக்கவில்லை, அதனால் இங்கே மீள்குடியேற்றத்துக்குப் பணம் வருவதும் இல்லை என்றார். பிறகு ஒருமுறை போனபோது, எங்கிருந்தோ கொஞ்சம் பணம் வந்ததாகவும், தகுதியானவர்கள் கிடைக்காததால் கொழும்புக்கே திரும்பிப் போய்விட்டதாகவும் சொன்னார்கள். தகுதியானவர் அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

அந்த இருமல்தான் அவரைக் கொண்டுபோனது. இஸ்தோப்பில் பனியும் சாரலும் அடிக்கும். உள்ளே வந்து படுக்கச் சொன்னால், பேரப்பிள்ளைகள் படிக்கிற இடம் என்பார். இந்த மாரி மழையில் மூச்சு விடவே முடியாமல் போனபோது ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வார்டில் நர்ஸ் விலாசம் கேட்டார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் மூச்சிரைக்க இரைக்கச் சொன்னார்:

"தற்காலிக விலாசம்னு போட்டுக்கங்கம்மா. தங்கச்சி வீடு."

எனக்கு அவர்மேல் கூடக் கோபம் வந்தது. சாகக் கிடக்கும்போதும் விருந்தாளியா? அந்தக் கட்டிலிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து ஒரு கட்சியின் அமைப்பாளர் வீட்டுக்கு வந்தார். நாங்கள் மலர் அச்சடிக்கப் போவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மலர் செலவ நாங்க பாத்துக்கிறோம் அக்கா. கலர்லயே அடிச்சிரலாம். மொத பக்கத்துல எங்க தலைவர் ஐயாவோட அனுதாபச் செய்தியும் போட்டோவும் வரணும், அவ்ளோதான்."

செய்தியைக் கையோடு எழுதிக்கொண்டு வந்திருந்தார். அரசின் திட்டத்தினால் மீள்குடியேற்றப்பட்டு, பிறந்த மண்ணில் நிம்மதியாக வாழ்ந்து மறைந்த பெரியவர் என்று அதில் இருந்தது.

"எந்த வீட்டுல தம்பி குடியேத்துனாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் இப்புடித்தாங்க போடுறது. சும்மா ஒரு மரியாதைக்கு."

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அச்சுக்கூலிக்கு எங்களிடம் பணம் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கலரில் ஒரு படம் வந்தால் அண்ணனுக்கு அழகாகத்தான் இருக்கும். உயிரோடு இருக்கும்போது தகரத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். செத்த பிறகு மலரைக் கொடுத்து என்னிடம் வாங்கப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

"வேணாம் தம்பி. டீ குடிச்சிட்டுப் போங்க" என்றேன். அவர் டீ குடிக்காமலே போய்விட்டார்.

ஆகவேதான் இந்த மலர் இவ்வளவு மெல்லியதாக, கறுப்பு வெள்ளையில் உங்கள் கைக்கு வருகிறது. இதற்கும் அண்ணனின் காரியங்களுக்கும் உதவியவர்களை மறக்க மாட்டோம். லயத்து வீடுகள் ஒவ்வொன்றிலும் அரிசியும் காசும் எடுத்துத் தந்தார்கள். லொறி நானா கருமாதிக்கான மரக்கறி முழுவதையும் இறக்கிவிட்டு, விலை கேட்டபோது என்னைத் திட்டினார். குழி வெட்டிய பிள்ளைகள் மழையில் நனைந்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் கடைசிவரை அண்ணனை, சிங்களத்தில் அப்பாவைக் கூப்பிடுவதுபோல, "தாத்தே" என்று கூப்பிட்டுத் தண்ணீர் பருக்கினார். எங்கள் பகுதி கிராம சேவகர் வெள்ளைச் சட்டையில் வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார். இவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

மற்றவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவர்களுடைய கணினியில் என்ன இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் அண்ணனை யாரும் எங்கேயும் குடியேற்றவில்லை. அவர் எங்கள் வீட்டில் இருந்தார்.