மைக்கின் முதுகுப் பக்கம்

கடைசி செமஸ்டரில் எங்களுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. ஒரு பாட்டை நாமே ஒலிப்பதிவு செய்து, மிக்ஸ் செய்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் போட்டுக் காட்ட வேண்டும். சென்னையில் இசைத் தொழில்நுட்பம் படித்த எங்கள் வகுப்பில் பையன்களுக்குக் கிதாரும் டிரம்ஸும் வாசிக்கிற நண்பர்கள் இருந்தார்கள். எனக்கு அப்படி யாரும் இல்லை. எனக்குத் தெரிந்த பாட்டுக்காரர்கள், திண்டுக்கல்லில் எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பூசைக்குப் பாடும் பெண்கள்தான். அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

அம்மா சாணார்பட்டிப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். ஒரே ஹாலில் மூன்று வகுப்புகள் நடக்கும். நடுவில் நிறுத்திய கரும்பலகைகள்தான் சுவர். கடைசி வரிசைப் பிள்ளைக்கும் கேட்கும்படி பேசிப் பேசி, மெதுவாகப் பேசுவது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வீட்டில் அவள் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் எல்லோரையும் கோயிலுக்கு வரச் சொன்னேன். கல்லூரியிலிருந்து வாங்கிவந்த இரண்டு மைக்குகளையும் பீடத்துக்குக் கீழே நட்டேன். அப்பா வயர்களைச் சுமந்துவந்து போட்டுவிட்டுப் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மகள் என்ன படிக்கிறாள் என்று யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிடுவது அவர் வழக்கம். விளக்கிச் சொல்வதற்கு அது சுலபமாக இருந்தது.

முதலில் மின்விசிறிகளை நிறுத்தினேன். ஓடினால் அந்த இரைச்சலும் பதிவாகிவிடும். பங்குனி வெயில். பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டே உயிர்ப்புத் திருவிழாவுக்காகப் பழகிவைத்திருந்த பாட்டைப் பாடினார்கள். ஹெட்போனில் கேட்டேன். அம்மா மட்டும்தான் பாடினாள். மற்றவர்கள் எங்கோ தூரத்தில் அவளுக்கு ஒத்து ஊதுவதுபோல் இருந்தது.

"அம்மா, கொஞ்சம் பின்னால தள்ளி நில்லேன்."

நின்றாள். மறுபடியும் அவள் குரல்தான். இன்னும் தள்ளி நிறுத்தினேன். அப்புறம் தூணுக்குப் பின்னால். கடைசியில் வாசலில், தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில்.

"ஏண்டி, அடுத்து பஸ் ஸ்டாண்டுல போயி நிக்கணுமா?" என்று அங்கிருந்து கேட்டாள். கோயில் முழுக்க எதிரொலித்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்த முறை பாட்டு ஆரம்பித்தபோது அவள் வாயை மட்டும் அசைத்தாள். குரலே வரவில்லை.

அவள் குரல் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாட்டு தட்டுத்தடுமாறி எழுந்தது. ஒவ்வொரு அடியையும் ஒருத்தி முன்னால் எடுத்தாள், இன்னொருத்தி தயங்கித் தொட்டாள். மூன்றாவது வரியில் தையல் கடை அக்கா பாட்டையே நிறுத்திவிட்டாள்.

"டீச்சரு எடுத்துக் குடுக்காம எங்களுக்கு எங்கிட்டுப்பா வரும்?" என்றாள் என்னிடம். "அம்புட்டுப் பேரும் அவுக சத்தத்தப் புடிச்சுக்கிட்டுதான போறோம்."

வாசலைப் பார்த்தேன். அம்மா தீர்த்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடமாகப் படித்தது அந்த நேரத்தில்தான் கைகொடுத்தது. நான் கொண்டுவந்திருந்த மைக்குகள் முன்னால் வருகிற சத்தத்தைத்தான் நன்றாக வாங்கும். முதுகுப் பக்கத்துச் சத்தத்தை அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது. அம்மாவைக் கூட்டிவந்து மைக்குகளுக்குப் பின்னால், பாடுகிறவர்களைப் பார்த்தபடி நிறுத்தினேன்.

"இங்க நின்னு எப்பயும் போலப் பாடும்மா."

"நீதானடி சத்தம்னு தள்ளி நிக்கச் சொன்ன?"

"இப்பச் சத்தமாத்தான் வேணும்."

அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, எதிரே நின்ற பெண்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். வகுப்புக்குள் நுழைகிற பார்வை அது. பேசிக்கொண்டிருந்தவர்கள் தாமாகவே அடங்கினார்கள். பிறகு பாடினாள். எல்லோரும் ஒரே மூச்சாக அவளோடு எழுந்தார்கள். ஹெட்போனில் அத்தனை குரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன. நடுவே, கொஞ்சம் ஆழத்தில், அம்மா. கண்ணில் வழிந்த வியர்வையைக்கூடத் துடைக்காமல் கடைசிவரை கேட்டேன்.

கல்லூரியில் தேர்வாளர் அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, "இவ்வளவு சேர்ந்து எடுக்குறாங்களே, யார் நடத்துனது?" என்றார்.

"எங்க அம்மா சார்."

"மியூசிக் டீச்சரா?"

"இல்ல சார். மூணாங்கிளாஸ் டீச்சர்."

அவர் சிரித்துவிட்டு, நான் கூட்டியிருந்த எதிரொலி கொஞ்சம் அதிகம் என்றார். அது உண்மைதான்.

அந்தப் படிப்பில் சேர்ந்தபோது பாட்டு உண்டாக்குகிறவளாக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். முடிகிற நேரத்தில், மற்றவர்கள் பாடுவதைச் சரியாகக் கேட்பதிலேயே எனக்கு நிறைவு வந்துவிடுகிறது என்று தெரிந்தது. அதில் ஏமாற்றம் எதுவும் இல்லை. சென்னையிலேயே ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் உதவியாளராக வேலையும் கிடைத்தது. சேர்வதற்கு முன் ஒரு வாரம் ஊருக்கு வந்தேன்.

வந்த அன்றே சாயங்காலம் பாடகர் குழு மொத்தமும் எங்கள் வீட்டில் கூடிவிட்டது. அந்தப் பாட்டின் சிடியைப் போட்டேன். ஒவ்வொருத்தியும் தன் குரலை மட்டும் தேடினாள். "இந்தா, இது நானு!" "போ, அது நான்ல!" என்று சண்டை நடந்தது. அம்மா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"என் சத்தம் இம்புட்டு மெதுவாக்கூட இருக்குமாடி?" என்றாள். அதைச் சொன்ன குரலும் மெதுவாகவே இருந்தது. "இன்னொருக்காப் போடு."

போட்டேன். இரண்டாவது முறை யாரும் சண்டை போடவில்லை. கேட்டு முடித்துக் காப்பி குடிக்கும்போது தையல் கடை அக்கா, கிறிஸ்துமஸ் பாட்டையும் நான் வந்துதான் பதிந்து தர வேண்டும் என்றாள். ஸ்டூடியோவில் லீவு கொடுப்பார்களோ என்னவோ, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிவுக்கு யாரும் மார்க் போடப்போவதில்லை என்பதே எனக்குப் பிடித்திருந்தது.