மூணாவது குரல்

காரைக்காலில் ஒரு பேய்ப் படம் வந்தால் அது தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்கிற உரிமை அந்தக் காலத்தில் ஒரு மீன்காரிக்கு இருந்தது. கிளிஞ்சல்மேட்டு மாரிக்கண்ணு என்றால் கொட்டகைப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். மீன் விற்கிற பொம்பளைக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும் என்று புதிதாக எவனாவது வாயைக் கொடுத்தால் அன்றைக்கு அவன் தொலைந்தான். காலையில் கூடை மீன் அத்தனையும் தெருத்தெருவாக விற்றுத் தீர்த்து, பொதுக் குழாயில் கைகால் கழுவி, வெறுங்கூடையைக் கொட்டகை எதிரே டீக்கடையில் கவிழ்த்து வைத்துவிட்டு மேட்னிக்குள் நுழைவாள். காதல் படம், சாமி படம், சண்டைப் படம் எதற்கும் அவள் வரமாட்டாள். பேய் என்றால் மட்டும், அது ஓடுகிற அத்தனை நாளும் தரை டிக்கெட்டில் தூணோரமாக உட்கார்ந்திருப்பாள்.

படம் விட்டதும் டீக்கடையில் சபை கூடும். சபை என்றால் பெரிய கூட்டமெல்லாம் இல்லை. சைக்கிள் கடை நூர் அகமது ஒருவன், பார்த்த படத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிற பைத்தியம். லீவு நாளாக இருந்தால் அம்பலவாணனும் வந்து சேருவார். நகராட்சியை ஊரில் இன்னும் பிரெஞ்சுக்காரன் வைத்த பேரில் மேரி என்றுதான் சொல்வார்கள். அந்த மேரியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதுகிற கிளார்க் அவர். இந்த இரண்டு பேரோடும் மாரிக்கண்ணு போடுகிற சண்டையைக் கேட்கவே சிலபேர் இரண்டாவது டீ சொல்வார்கள்.

"பேயைக் காட்டுனா படம் படுத்துருங்க," என்பான் நூர் அகமது. "காட்டாத வரைக்குந்தான் பயம். போன மாசம் வந்த படத்துல கெணத்துலேருந்து ஒரு கை நீளுதே, அதுல ரப்பர் உறை தெரியுது. முன்னாடி ஒருத்தன் சிரிச்சிட்டான். அப்புறம் யாருக்குப் பயம் வரும்?"

"ரப்பரா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்யா," என்பார் அம்பலவாணன். "அந்தக் கைக்கு ஒரு காரணம் வேணாமா? யாரு செத்தா, எப்பச் செத்தா, எதனால செத்தா? ஒண்ணையும் சொல்லாம சும்மா கை நீண்டா நான் எதுக்குப் பயப்படணும்?"

"பேயிகூட உங்க ரிஜிஸ்டர்ல எழுதிட்டுத்தான் வரணுமா, கிளார்க்கய்யா?" என்று மாரிக்கண்ணு ஒரு போடு போடுவாள். கடையே சிரிக்கும்.

ஆனால் அவளுக்கு வெள்ளைப் புடவை, சலங்கைச் சத்தம், நாய் ஊளை இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவள் பார்க்கிறது ஒன்றே ஒன்று. பேய் எத்தனை தடவை கூப்பிடுகிறது?

கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆள் முகம் தெரியாத நேரத்தில் வெளியே யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று ஏன் என்று கேட்டுவிடக் கூடாது. மூன்று தடவை ஆகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். மனுஷன் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான். பேய்க்கு இரண்டுக்கு மேல் தொண்டை கிடையாது. மாரிக்கண்ணு பாவாடை கட்டிய நாளிலிருந்து அறிந்த விஷயம் இது, அதுதான் அவள் வாழ்க்கையையும் கெடுத்தது.

எழுபத்துநாலாம் வருஷம் மார்கழி. அவள் புருஷன் தங்கையன் கட்டுமரத்தில் போயிருந்தார். கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று அன்றைக்குத் தனியாகப் போனார். பொழுது விடிந்துவிட்டது, ஆனால் பனி விடவில்லை. எதிர் வீட்டுக் கூரைகூடத் தெரியாத பனி. மாரிக்கண்ணு குடிசைக்குள் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். கடல் பக்கமிருந்து "மாரீ" என்று ஒரு குரல் வந்தது. அவர் குரல்தான், ஆனால் நனைந்து கனத்திருந்தது. அவர் திரும்புகிற நேரமும் அது இல்லை. எழுந்து படல் கதவுப் பக்கம் போனாள். இரண்டாவது தடவை "மாரீ" என்று வந்தது. முன்னதைவிட மெதுவாக, இழுத்து. படலைத் தொட்ட கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது வரட்டும் என்று நின்றாள். உலை பொங்கி அடுப்பை அணைத்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். மூன்றாவது வரவே இல்லை.

மறுநாள் கட்டுமரம் மட்டும் தெற்கே கீழவாஞ்சூர்க் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. தங்கையன் கிடைக்கவில்லை. பிணம் இல்லாததால் மேரியில் இறப்பும் எழுதவில்லை. கோர்ட்டுக்குப் போனால் எழுதலாம் என்று அம்பலவாணன் சொல்லிப் பார்த்தார். மாரிக்கண்ணு போகவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை, ஒரு சொட்டு அழவும் இல்லை.

அன்றைக்குக் கூப்பிட்டது பேய் என்றால் அவர் அதற்கு முன்பே போய்விட்டார், இவள்மேல் பாவம் இல்லை. கூப்பிட்டது அவரே என்றால், கூப்பிடு தூரத்தில் உயிருக்குப் போராடின புருஷனை வாயைப் பொத்திக்கொண்டு சாகவிட்டவள் இவள். இதில் எது என்று தெரியாமல் ஒரு பொம்பளை ஒன்பது வருஷம் எப்படிச் சோறு தின்பாள், சொல்லுங்கள். உங்களுக்கும் எனக்கும் பேய்ப் படம் பொழுதுபோக்கு. அவள் போனது சாட்சி தேடி. இந்தக் கதையை அவள் சொன்னது ஒரே ஒருத்தியிடம்தான். கொட்டகை ஆபரேட்டர் காதர் பாட்சாவின் மனைவி அமீர் நிஷா, வாடிக்கையாக மீன் வாங்குகிறவள். ஒரு நாள் மீன் அரிந்து கொடுத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

எண்பத்துமூன்று ஐப்பசியில் அந்தப் படம் வந்தது. ஆற்றோடு போன புருஷன் மழையோடு மழையாக வீட்டு வாசலுக்கு வந்து பெண்டாட்டியைக் கூப்பிடுகிறான். "வசந்தி." அவள் திரும்புகிறாள். "வசந்தி." அவ்வளவுதான், கதவு தானாகத் திறந்துகொள்கிறது. வாசலில் யாரும் இல்லை, ஈரம் மட்டும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மேட்னி முடிந்து வெளியே வந்த மாரிக்கண்ணுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இதை எடுத்தவன் நெசமா நம்ம கடலோரத்தான்தாம்பா," என்றாள் நூர் அகமதுவிடம். "ரெண்டே தடவ. கணக்கா ரெண்டே தடவ. பேயின்னா அப்படித்தான் கூப்புடும்." அன்றைக்கு அவனுக்கு டீயோடு ஒரு வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, பஜ்ஜியைத் தின்றான். அன்றைக்கு ராத்திரி அவள் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

அந்தத் தூக்கத்துக்கு ஆயுசு ஒன்பதே நாள். மறுவாரம் சனிக்கிழமை நூர் அகமது நாகூரில் அக்கா வீட்டுக்குப் போனவன், அப்படியே நாகப்பட்டினத்தில் அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிள் கடை வாசலில் கூடையோடு அவள் வந்து நின்றதும் ஆரம்பித்தான்.

"அக்கா, நம்மூர்ல ஓடுறது கோளாறான படங்க. நாகப்பட்டினத்துல பேய் மூணு தடவ கூப்புடுது."

"ஒன் காதுல மண்ணு வுழ."

"சத்தியமாக்கா! மூணாவதுதாங்க படமே. ரெண்டாவதுக்கப்புறம் கம்முன்னு கெடக்கு. சரி, போயிடுச்சுன்னு நாம மூச்சு வுடுறோம், அப்ப காதுகிட்ட வந்து கூப்புடுது. எனக்கு மயிர்க்காலெல்லாம் நின்னுடுச்சு. நம்மூர்ல அந்த எடத்துல படம் ஒரு குதி குதிக்கும், கவனிச்சிருக்கீங்களா?"

பஞ்சர் ஒட்டக் காத்திருந்த அம்பலவாணன், "குதிச்சா வெட்டியிருக்காங்கன்னு அர்த்தம்," என்றார் சாவகாசமாக.

மாரிக்கண்ணு கூடையை அங்கேயே போட்டுவிட்டுக் கொட்டகைக்கு நடந்தாள். பாதி மீன் இன்னும் விற்கவில்லை. இரும்புப் படியில் தடதடவென்று ஏறி ஆபரேட்டர் அறைக்குள் போய் நின்றாள். காதர் பாட்சா மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், மூணாவத வெட்டுனீங்களா?"

அவர் மழுப்பவில்லை. சுவரில் ஓர் ஆணியைக் காட்டினார். அதில் நாலரை அடி நீளத்துக்கு ஒரு பிலிம் துண்டு தொங்கியது. "படம் வந்த அன்னிக்கிப் போட்டுப் பாத்தேன் தங்கச்சி. அது மூணு தடவ கூப்புட்டுச்சு. அமீர் நிஷா சொன்னது ஞாவகம் வந்துச்சு. நீ வந்து உக்காந்து அதக் கேட்டா என்ன ஆவியோன்னு மனசு கேக்கல."

"எம்மேல பாவம் பாத்தீங்களாக்கும்?" அவள் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. "ஒம்போது வருசமா நான் தீர்ப்புக் கேட்டு நாயா அலையுறேன். நீங்க சாட்சியோட நாக்க அறுத்து ஆணியில மாட்டி வச்சிருக்கீங்க! பேயி மூணாவதும் கூப்புடும்னா கூப்புடட்டும். அப்ப அந்தச் சட்டமே பொய்யின்னு தெரிஞ்சிக்கிறேன். இன்னிக்கி மேட்னிக்கு ஒட்டி ஓட்டுங்க. என் காதால கேக்கணும்."

காதர் பாட்சா துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். படத்துக்கு ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு நடுங்கிக்கொண்டே ஓடியது. "இதான் அந்தக் கொரலு," என்றார். மாரிக்கண்ணு அதைத் தொடவில்லை. ஓர் அடி பின்னால் போனாள். ஒட்டிவிடுகிறேன் என்று அவர் சொன்ன பிறகுதான் கீழே இறங்கினாள்.

மேட்னிக்கு நல்ல மழை. கொட்டகையில் முப்பது பேர் இருந்தால் அதிகம். பெண்கள் பக்கத்தில் தூணோரமாக அவள் மட்டும். தடுப்புக்கு அந்தப் பக்கம் நூர் அகமதுவும் அம்பலவாணனும். தகரக் கூரையில் மழை இரைந்ததில் பாதி வசனம் காதில் விழவில்லை. அந்த இடம் நெருங்கியதும் தூணில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையைச் சுருட்டி மடியில் அழுத்திக்கொண்டாள்.

"வசந்தி."

திரையில் அந்தப் பெண் திரும்பினாள்.

"வசந்தி."

மழை விட்டாற்போல் இருந்தது. கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. மாரிக்கண்ணு கையை வாய்க்குக் கொண்டுபோனாள், பாதியில் நிறுத்தினாள். அப்போது மூன்றாவது வந்தது. திரையிலிருந்து வந்த மாதிரி இல்லை, பக்கவாட்டில், ஈரச் சுவர் ஓரமாக, மிகக் கிட்டத்தில் கேட்டது. நூர் அகமது சொன்னது சரிதான், காதோரமாகவே கூப்பிடுகிறது. அவளுக்குப் பயமே வரவில்லை. எழுந்து நின்றாள்.

"தோ, வந்துட்டேங்க!" என்றாள்.

கொட்டகையில் அத்தனை பேரும் திரும்பினார்கள். யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அவள் நின்றபடியே மீதிப் படத்தையும் பார்த்தாள்.

படம் விட்டதும் நேரே மேலே ஏறினாள். ஒன்பது வருஷமாகப் பொத்தி வைத்த பதிலைச் சொல்லிவிட்டதில் மனசு லேசாக இருந்தது. துண்டை ஒட்டி ஓட்டின மனுஷனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று இருந்தது. அவள் வாயைத் திறக்கும் முன்பே காதர் பாட்சா கையைக் கூப்பிக்கொண்டு வந்தார்.

"கோவிச்சுக்காத தங்கச்சி. ஒட்ட முடியல. பிலிம் ஒட்டுற சிமெண்டு பாட்டிலத் தொறந்தா உள்ள காஞ்சி கெடக்கு. ஞாயித்துக்கெழம, கடையும் பூட்டியிருக்கு. நாளைக்கி எப்பாடு பட்டாவது ஒட்டிடறேன்."

ஆணியில் அந்தத் துண்டு காலையில் பார்த்தபடியே தொங்கியது.

மாரிக்கண்ணு அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். படியிறங்கி, மழையிலேயே டீக்கடைக்கு வந்தாள். நூர் அகமது பெஞ்சிலிருந்து எழுந்து இடம் விட்டான்.

"எத்தினி தடவ கூப்புட்டுச்சு?" என்று கேட்டாள்.

"ரெண்டுதான்கா. பாய் வெட்டுனது வெட்டுனபடியே ஓட்டிட்டாரு. அதுக்கப்புறம் நீங்கதான் கத்துனீங்க. ஏங்க, யாருக்குக் கொரல் குடுத்தீங்க?"

"கிளார்க்கய்யா, உங்களுக்கு?"

"ரெண்டுதாம்மா." அம்பலவாணன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "மழைச் சத்தத்துல ஏதாவது கேட்டிருக்கும். உக்காரும்மா மொதல்ல."

அவள் உட்காரவில்லை.

"பேயி மூணாவது கூப்புடாது, கிளார்க்கய்யா," என்றாள். "மனுசந்தான் கூப்புடுவான். அப்ப அன்னிக்கும் அவருதான். கரைக்கிட்டக்க வந்துட்டாரு. ரெண்டு தடவைக்குத்தான் தெம்பு இருந்திருக்கு. மூணாவத இன்னிக்கித்தான் கூப்புட முடிஞ்சிருக்கு அந்த மனுசனுக்கு."

நூர் அகமதுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்பலவாணனுக்கு விளங்கிவிட்டது, அவர் காரணம் எதுவும் கேட்கவில்லை. மாரிக்கண்ணு மழைக்குள் இறங்கி, நடுத்தெருவில் கால் மடங்கி உட்கார்ந்தாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தங்கையனுக்காக மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.