புனேவுக்கு விழுந்த பதினோரு ஆமென்

மாதம் ஒரு முறை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். ஓசூரில் வாடகைக்கு எடுத்த மாடி வீடு. கூடத்தில் எட்டு நாற்காலி போடலாம். ஒன்பதாவதைப் போட்டால் பிரிட்ஜ் கதவு திறக்காது. அன்று பாஸ்டர் நீங்கலாகப் பதினோரு பேர் இருந்தோம். மூன்று பேர் பாயில்.

என் ஒரே மகன் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அன்று அவன் ஷிப்டில் இருந்தான். பதவி உயர்வு கொடுத்து அவனைப் புனேவுக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. அவன் போனால் மருமகளும் பேத்தியும் போவார்கள். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் இரண்டு பேர் மிஞ்சுவோம். இந்தக் கழித்தல் என்னைத் தூங்கவிடவில்லை. பாஸ்டர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜெபக் குறிப்பைச் சொல்லிவிட்டேன்: மாற்றல் வரக் கூடாது. அவரும் தலையாட்டினார்.

எல்லோரும் கண்ணை மூடினோம். பாஸ்டர் ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, இந்த வீட்டுப் பிள்ளையைப் புனேவில் கொண்டுபோய் நிறுத்தும். குறுக்கே நிற்கிற தடையை உடைத்துப்போடும்!"

தடை நான்தான். கண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் ஜெபத்தின் நடுவில் கையைத் தூக்கித் திருத்தம் சொல்ல எந்தச் சபையிலும் வழியில்லை. இருமிப் பார்த்தேன். மூன்றாவது இருமலுக்கு என் நெஞ்சுச் சளிக்காகவும் சேர்த்து ஜெபித்தார். முடிவில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மாள் இந்து. எங்கள்மேல் உள்ள பிரியத்திலும் சுண்டல்மேல் உள்ள பிரியத்திலும் வருகிறவர். அவர்தான் சத்தமாகச் சொன்னார். எண்ணினேன், பதினொன்று. கடைசி ஆமென் என்னுடையது. பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

படிக்கட்டில் பாஸ்டரை மறித்தேன்.

"மாத்தி ஜெபம் பண்ணிட்டீங்களே?"

"ஐயா, நீங்க போகக் கூடாதுன்னீங்க. அம்மா போகணும்னாங்க. ஒரே வீட்டுல ரெண்டு குறிப்பு வந்தா நான் என்ன பண்றது?"

"நான்தானே முதல்ல சொன்னேன்!"

"அம்மா காலையிலேயே போன் பண்ணிட்டாங்க."

உள்ளே மனைவி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா எதிர் ஜெபம் வைப்பீங்க. பையனுக்கு அந்தப் பதவிக்காகப் போகணும்னு ஆசைங்க. உங்க மூஞ்சியப் பாத்துட்டு வாயத் திறக்க மாட்டேங்கறான். அவனுக்காக யாரு கேக்கறது?"

"அவங்க போயிட்டா நாம ரெண்டு பேருதான்."

"கல்யாணத்தப்ப எத்தன பேரு இருந்தோம்? அதையும் எண்ணிச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியை எடுத்து அடுக்கினாள்.

அதன்பிறகு ஒரே வீட்டிலிருந்து இரண்டு ஜெபம் மேலே போயிற்று. சமையலறையில் அவள் போகட்டும் என்பாள். கூடத்தில் நான் வேண்டாம் என்பேன். அவளுடையது நீளம் என்பதால் நான் குரலைக் கூட்டினேன். கீழ்வீட்டம்மாள் ஏறி வந்துவிட்டார்.

"என்ன சார், காலங்காத்தால கலாட்டா?"

"கலாட்டா இல்லம்மா, ஜெபம்."

ஒரு நாள் உத்தரவு வந்தது. பதவி உயர்வு உண்டு. புனே இல்லை. குருபரப்பள்ளி பக்கம் கம்பெனி புதிதாகத் திறக்கிற கிளை. கம்பெனி பஸ்ஸில் தினமும் போய்வரலாம். மகன் சிரித்தான். இதற்கு முன் எப்போது சிரித்தான் என்று யோசித்தேன். அந்தக் கணக்கு மட்டும் என்னிடம் இல்லை.

"இப்ப ஆண்டவர் யாரோட ஜெபத்தக் கேட்டாரு?" என்றாள் மனைவி.

"பாதி உன்னுது, பாதி என்னுது."

"அவர் பாதி குடுக்கறவரா? ரெண்டு பேருக்கும் முழுசா குடுத்திருக்காரு. ஸ்தோத்திரம் சொல்லுங்க."

சொன்னேன். கூடவே, அவன் பஸ் போகிற வழியில் சூளகிரி மேம்பாலத்தில் எத்தனை லாரி போகிறது தெரியுமா என்றும் கேட்டேன்.

இப்போது காலையில் பஸ் கிளம்பியதும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கிறோம். என்ன கேட்கப்போகிறாள் என்று முதலில் விசாரித்துக்கொண்டுதான் நான் கண்ணை மூடுகிறேன். முடிவில் இரண்டு ஆமென். சில நாள் கீழேயிருந்து மூன்றாவதும் கேட்கிறது.