இரண்டு வண்டிகளும் திரும்பிய மூலை

கண்ணுங்களா, தெருவில் மண் தோண்டும் மஞ்சள் வண்டி எது போனாலும் அந்த மூன்றெழுத்துப் பெயரைத்தான் சொல்லிக் கத்துகிறீர்கள். அது ஒரு கம்பெனியின் பெயர். வேறு கம்பெனிகளும் இதே வண்டியைச் செய்கின்றன. ஊரே அப்படித்தான் சொல்கிறது, உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காக்ஸ் டவுன் ஞாபகம் வந்துவிடும்.

அப்போது நீங்கள் அம்மாவோடு திருவண்ணாமலையில் இருந்தீர்கள். நான் பெங்களூருக்குப் புதிது. எனக்கு வேலை கொடுத்த ஓனர் தொம்மலூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். சொந்தமாக ஒரு வண்டி வாங்க நினைத்தார். ஓட்டிப் பார்க்கச் சொல்லி இரண்டு கம்பெனிகள் ஆளுக்கொன்று அனுப்பியிருந்தன.

"எது தேவலைன்னு நீயே பாத்து சொல்லுப்பா. வாங்குற வண்டி உன் கையிலதான். அப்புறம் எதுக்கு தனியா கெடக்குற? பசங்கள இட்டாந்துடு," என்றார்.

எனக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் காதில் நின்றது.

காக்ஸ் டவுனில் பழைய பங்களா ஒன்றை இடித்த காலி மனையில் இரண்டையும் ஓட்டினேன். ஒன்று கனத்த குரலில் உறுமும். இன்னொன்றின் இன்ஜின் விசில் அடிக்கும். முதல் வண்டியின் லீவர் கொஞ்சம் இறுக்கம், ஆனால் மண்ணின் எடை கைக்குத் தெரியும். இரண்டாவது வெண்ணெய் மாதிரி. தோண்டுவது கல்லா மண்ணா என்றே தெரியாது.

ஹைட்ராலிக் எப்படி என்று பார்க்க ஒரு வழி உண்டு. வழக்கமாக பக்கெட்டைத் தரையில் ஊன்றித்தான் வண்டியை நிறுத்துவோம். சோதனைக்காக மட்டும், பின்னால் இருக்கும், மண் தோண்டும் கையைத் தூக்கிய நிலையில் விட்டு இன்ஜினை அணைப்போம். மட்டமான வண்டி என்றால் விடிவதற்குள் கை தொங்கிவிடும்.

காலையில் போய்ப் பார்த்தேன். இரண்டும் தொங்கவில்லை. ஆனால் நான் நேராக விட்டுவிட்டுப் போன இரண்டு கைகளும் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. இரண்டும் கொய்யா மரம் நிற்கும் மூலையைப் பார்த்தபடி.

அன்று மாலை வண்டிகளைத் திசை மாற்றி நிறுத்தினேன். மறுநாள் காலையிலும் அதே மூலை. யாரோ கூப்பிட்டதும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின மாதிரி இருந்தது.

வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அக்கா நான் நிற்பதைப் பார்த்தார். வாயில் வெற்றிலை. "ஆ மூலேகெ ஹோகபேடி அண்ணா. அல்லி பாவி இதெ," என்றார். அந்த மூலைக்குப் போகாதே என்கிறார் என்பது புரிந்தது. அங்கே ஒரு பாவி இருப்பதும் புரிந்தது.

"யாருக்கா?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஹளே பாவி. மண்ணு ஹாக்கி முச்சிதாரெ."

பழைய பாவி. மண் போட்டு மூடியிருக்கிறார்கள். இடித்த வீட்டில் யார் இருந்தார்களோ, என்ன செய்தார்களோ. அதற்குமேல் கேட்காமல் அந்த மூலையை விட்டுத் தள்ளி வந்து நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஓனர் வந்தார். "அந்தக் கொய்யா மரத்தப் பேத்துடு. எந்த வண்டிக்குத் தெம்பு ஜாஸ்தின்னு பாத்துடலாம்."

ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருக கை வரவில்லை.

"இன்னாபா, முடியாதா? சொல்லு, வேற ஆள கூப்டுக்கிறேன்."

வேற ஆள் என்றால் நீங்கள் ஊரிலேயே இருக்க வேண்டியதுதான். அம்மா போனில் "எப்போ?" என்று கேட்கும் குரல் வேறு நினைவுக்கு வந்தது. இருந்தும் வாயிலிருந்து வந்துவிட்டது. "அண்ணா, அந்த மூலையில பாவி இருக்குதாம்." ஆணா பெண்ணா தெரியாததால் இருக்குது என்றேன்.

ஓனர் முகம் மாறியது. "யார் சொன்னா?"

இஸ்திரி அக்காவைக் காட்டினேன். ஓனர் கடப்பாரையை எடுத்துப்போய், தள்ளி நின்றபடி மரத்தடியில் குத்தினார். இரண்டாம் குத்தில் கடப்பாரை கையை விட்டு நழுவி உள்ளே போயிற்று. அது விழுந்த சத்தம் வரும் என்று இருவரும் காத்திருந்தோம். வரவேயில்லை. அந்தப் பொத்தலிலிருந்து குளிர்ந்த காற்று மட்டும் காலில் பட்டது.

"நல்லவேள சொன்ன. இத்தன டன் வண்டி, உன்னோட சேந்து உள்ள போயிருக்கும். மேலாப்புல மட்டும் மண்ணப் போட்டு மூடியிருக்கானுங்க. கெணறு இருக்குன்னு என்கிட்ட ஒருத்தனும் சொல்லல."

"கெணறா?"

"நீதானப்பா பாவின்னு சொன்ன." என் முகத்தைப் பார்த்து அவருக்கு விளங்கிவிட்டது. "அட, கன்னடத்துல பாவின்னா கெணறு. நீ இன்னா நெனச்ச?" சிரித்தார். ஆனால் அந்தப் பொத்தலை விட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுதான் பீடி பற்றவைத்தார்.

"எந்த வண்டிண்ணா?" என்றேன்.

"நீ சொல்லு."

"லீவர் இறுக்கமா இருக்கே, அது. மண்ணு கைக்குத் தெரியுது."

"செரி. ஊருக்கு போன் போடு."

அப்படித்தான் நீங்கள் காக்ஸ் டவுனுக்குப் பக்கத்தில் இந்த ஜீவனஹள்ளிக்கு வந்தீர்கள்.

கிணற்றுப் பக்கம் தரை உள்வாங்கி மனையே லேசாகச் சரிந்திருந்தது, அதனால் கைகள் அந்தப் பக்கம் திரும்பின என்று ஓனர் சொன்னார். சரியாகத்தான் இருக்கும். ஆனால் வண்டிகளைத் திசை மாற்றி நிறுத்திய அந்த மாலை, கை திரும்பாமலிருக்க, இறுக்கமான லீவர் வண்டிக்கு இரும்பு முளையைப் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் போனேன். காலையில் அந்த முளை கீழே மண்ணில் கிடந்தது. தானாகக் கழன்றால் வண்டிக்கு அடியில் அல்லவா விழ வேண்டும்? அது கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. ஓனரிடம் நான் சொல்லவில்லை.

இன்றும் அந்த வண்டியைத்தான் ஓட்டுகிறேன். சாயங்காலம் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, முளையைப் போட்டு, கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். நான் வர நேரமாவது அதனால்தான்.