தம் அடிப்பவனுக்கு மட்டும் பத்து நிமிடம்

ஒரகடத்தில் நான் வேலை செய்யும் கார் கம்பெனி லைனில் ஒரு வழக்கம் உண்டு. டீ நேரம் போக, தம் அடிக்கிறவனுக்கு மட்டும் கேட்டுக்கு வெளியே போய்வர இன்னொரு பத்து நிமிடம் தருவார்கள். அதுவரை அவன் இடத்தில் வேறொருவர் நின்று போல்ட் முடுக்குவார். புகைக்காதவன் கால் கடுக்க நிற்க வேண்டியதுதான். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் சிகரெட்டைத் தொட்டேன்.

தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் விட முடியவில்லை. சிலர் உடம்பு பிறவியிலேயே அப்படி, புகையிலை கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்றார் டாக்டர்.

"எங்க அப்பாவும் பீடி குடிச்சவருதான் டாக்டர். ரத்தத்துலயே கீது" என்று கூட வந்த என் அண்ணன் முந்திக்கொண்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே அப்பாவுக்குப் பிறந்தவன்தான் அவனும். படப்பையில் ஏசி அறையில் உட்கார்ந்து மனை விற்கிறான். நினைத்தபோது எழுந்து போவான். சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ரத்தம் எனக்கு மட்டும் தனியாக ஊறியதா?

சிகிச்சை முடிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது நாள் புகைக்காமல் இருந்து, வேலைக்குத் திரும்பினேன். முதல் நாளே தலை சுற்றியது. பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"நீதான் தம்ம வுட்டுட்டியேப்பா, அப்புறம் இன்னாத்துக்கு பிரேக்?" என்றான், சிரித்துக்கொண்டே.

"வுடல சார்" என்றேன்.

உடனே என் இடத்துக்கு ஆள் வந்தது. வெளியே பெட்டிக்கடைக்காரர், நான் கேட்காமலே என் பிராண்டை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.