குதிரை நொண்டினால் சவாரி இல்லை

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு மின்சார ரயில் என்னைத் திருத்தணியில் இறக்கிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்து அரக்கோணத்தில் மாறியிருந்தேன்; அங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டர்தான். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்களுக்குக் கடைசியில் ஒரு குதிரை வண்டி நின்றது. ஏறிக்கொண்டேன். மலையடிவாரம் இரண்டு கிலோமீட்டர், ஆளுக்கு முப்பது ரூபாய்.

வண்டியை ஓட்டியவர் சரோஜா, நாற்பது வயதிருக்கும். இருக்கைக்கு மேல் உரிமத் தகடு, பக்கத்தில் விதிகள் அச்சிட்ட அட்டை. நான்கு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. மலைப்பாதையில் ஏறக் கூடாது. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஓட்டக் கூடாது. நொண்டும் குதிரையைப் பூட்டக் கூடாது. ஆண்டுக்கொரு முறை கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும்.

"அந்தச் சான்று இன்னிக்குத்தான் சார். பதினோரு மணிக்கு டாக்டர் பாக்கறாரு. ஞாயித்துக்கிழமை கிருத்திகை. வருசத்துல அந்த மாதிரி நாள்லதான் எங்களுக்குப் பொழப்பு" என்றார்.

பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒரு விவசாயியும் அவர் மனைவியும் என்னோடு வண்டியில் ஏறியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. கடைத்தெருவைப் பாதி கடந்ததும் சரோஜா வண்டியை நிறுத்தி இறங்கினார். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவருக்குக் குளம்புச் சத்தம் மாறியது கேட்டிருக்கிறது. பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். லாடம் ஒரு பக்கம் ஆணி கழன்று ஆடிக்கொண்டிருந்தது.

"இறங்கிக்குங்க. இதுக்கு மேல போகாது."

"இன்னும் கொஞ்ச தூரம்தானேம்மா, மெதுவா ஓட்டிக்கினு போ" என்றார் விவசாயி.

"நொண்ட ஆரம்பிச்சிடுச்சிங்கண்ணே. பாரம் வச்சா குளம்பு பிளந்துடும்."

விவசாயி குரலைத் தாழ்த்தினார். "டாக்டரு வேற பாக்கணும்னு சொன்னியே. நீயே சுத்தியால ரெண்டு தட்டு தட்டிடு. யாருக்குத் தெரியும்?"

"ராணிக்குத் தெரியும்ங்க" என்று சரோஜா குதிரையின் கழுத்தைத் தட்டினார். அவர் சிரிக்கவில்லை.

வழியில் வந்த ஆட்டோவை மறித்து இருவரையும் ஏற்றி அனுப்பினார். யாரிடமும் வாடகை வாங்கவில்லை. வண்டியைத் தெரிந்த கடையோரம் விட்டுவிட்டு குதிரையைக் கால்நடை மருத்துவமனைக்கு நடத்திக்கொண்டு கிளம்பினார். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. வண்டியிலிருந்த புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.

பதினோரு மணிக்கு மருத்துவர் வந்தார். அவர் குதிரையைத் தொடுவதற்கு முன்பே சரோஜா சொன்னார்: "வலது பின்னங்கால் சார். காலைல ஓட்டிக்கினு வரும்போது லாடம் கழண்டுச்சு. அங்கியே நிறுத்திட்டேன்."

மருத்துவர் லாடத்தைக் கழற்றி, குளம்பை அழுத்திப் பார்த்தார். "பிளவு இல்ல. அங்கியே நிறுத்தினதால தப்பிச்சுது. ஆனா மூணு நாள் பூட்டாதே. புது லாடம் அடிச்சு திங்கக்கிழமை கூட்டியா, கையெழுத்துப் போடறேன்."

கிருத்திகை போயிற்று. சரோஜாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. "ஆங், சரிங்க சார்" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே ஊர் திரும்ப வேண்டியவன், அந்தச் சான்று கிடைப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திங்கள்வரை தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காவடிகளும் மஞ்சள் உடைகளுமாக ஊர் நிறைந்தது. ஸ்டேஷன் வாசலில் வேறு இரண்டு குதிரை வண்டிகள் ஓய்வில்லாமல் ஓடின. சரோஜாவின் வண்டி மட்டும் இல்லை.

திங்கள் காலை பத்தரைக்கு, ஊர் திரும்ப நான் விடுதி வாசலில் பையோடு நின்றபோது ராணி புது லாடத்தோடு வந்து நின்றது. வண்டியில் விதிகள் அட்டைக்குப் பக்கத்தில் சான்று ஒட்டியிருந்தது. மை இன்னும் காயவில்லை போலிருந்தது.

"நேத்துப் பொழப்பு போனதுக்கு வருத்தமா?" என்று கேட்டேன்.

"இல்லன்னா பொய் சார். ஆனா அடுத்த மாசமும் கிருத்திகை வரும். இதுக்குக் காலு போச்சுன்னா எங்கேர்ந்து வரும்? ஏறுங்க."

எங்கள் கோயம்புத்தூரில், டயர் வழவழத்துப்போன ஷேர் ஆட்டோவில் எட்டாவது ஆளாகத் தொற்றிக்கொண்டு எத்தனையோ முறை வேலைக்குப் போயிருக்கிறேன். ஒரு நாளும் நிறுத்தச் சொன்னதில்லை. மறுவாரம் முதன்முறையாக இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருந்தேன். பத்து நிமிடம் தாமதமாயிற்று. அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை.