நண்டு ஓட்டை என்று சொன்னார்கள்

எங்களுடையது வாய்க்காலின் கடைசி வயல். குளத்துத் துருசுக் கதவைத் திறந்தால் மற்ற வயல்கள் எல்லாம் குடித்து முடித்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர் வரும். காலபோகத்தில் மழை இருப்பதால் அது யாருக்கும் உறைப்பதில்லை. மழையில்லாத சிறுபோகத்தில்தான் முறை வைத்துப் பங்கிட வேண்டும். கொழும்பில் படித்து, அங்கேயே கொஞ்சக்காலம் வேலையும் பார்த்துவிட்டு நான் வீடு திரும்பிய சிறுபோகத்தில், எங்கள் முறைக்கு வரும் தண்ணீர் குறைவதாக எனக்குப் பட்டது. அப்பாவிடம் சொன்னேன்.

"அது அப்பிடித்தான் வரும்" என்றார்.

அப்பா ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குத் தலைவர். தலைவரின் வயலுக்கே தண்ணீர் குறைகிறது, அவரோ அப்பிடித்தான் வரும் என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ களவெடுக்கிறார்கள், அப்பா முகத்துக்கு அஞ்சிப் பேசாமல் இருக்கிறார் என்று நானே விசாரித்து நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

இரண்டு பெட்டிகள் செய்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மைக்ரோகொன்ட்ரோலர், தண்ணீரின் உயரத்தை ஒலியால் அளக்கும் ஒரு சென்சர், அளந்ததை வீட்டுக்கு அனுப்பும் ஒரு ரேடியோ, மேலே உள்ளங்கையளவு சோலர் தகடு. வயலில் போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும், அதனால்தான் ரேடியோ. ஒரு பெட்டியை மேலே மதகடியிலும் மற்றதை எங்கள் வயலுக்குச் சற்று முன்னாலும் கரையில் நட்ட குழாயில் பொருத்தினேன். முதலில் எல்லாம் கோணலாகவே போனது. காற்றுக்குச் சாய்ந்த புல்லைச் சென்சர் தண்ணீர் என்று அளந்தது. பெட்டியின் சூட்டுக்கு எறும்பு குடிவந்தது. புல்லைச் செருக்கி, பெட்டியின் விளிம்புகளைப் பசை பூசி அடைத்து, குசினி ஜன்னலோடு அன்ரெனாவைக் கட்டி, ஒருவழியாக இரண்டு பெட்டிகளின் நீர்மட்டக் கோடுகளும் என் போனில் ஒழுங்காக ஓடத் தொடங்கின. அப்பா அவற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "உது உனக்கேன் தேவையில்லாத வேலை?" என்று கேட்டார். வயசானவர்களுக்குப் புதுச்சாமான் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

கோடுகள் பேசின. எங்கள் முறை வரும் இரவுகளில் மேல்பெட்டியின் கோடு அசையாமல் நிற்க, கீழ்பெட்டியின் கோடு விழுந்தது. விடியப்போகும் நேரம் மறுபடி ஏறியது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே யாரோ திறந்து மூடுகிறார்கள். நடந்து போய்ப் பார்த்திருந்தால் எல்லாம் அன்றைக்கே விளங்கியிருக்கும். நான் போகவில்லை. கோடு இருக்கும்போது கால் எதற்கு என்ற திமிர்.

குளம் இறங்கிக்கொண்டிருந்ததால், மிச்சத் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று பேச நீர்ப்பாசன அதிகாரி ஒருவர் பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்தார். வாய்க்காலில் வயலுள்ள எல்லோரும் இருந்தார்கள். நான் லப்டொப்பைக் கொண்டுபோய் மேசையில் விரித்து, கோடுகளைக் காட்டி, "தண்ணி களவு போகுது" என்றேன்.

முன்வரிசையில் ஒருவர், "பிள்ளை, அது நண்டு ஓட்டையா இருக்கும். கரையெல்லாம் நண்டுதானே" என்றார். இன்னொருவர் பற்றறி இறங்கியிருக்கும் என்றார். அப்பா, "விடு பிள்ளை, பிறகு பாப்பம்" என்றார். எனக்காக ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட்டார்கள். நான் ஒவ்வொன்றாக அடித்துச் சாத்தினேன். பற்றறியின் அளவும் இதோ இருக்கிறது என்று காட்டினேன். "நண்டு மணிக்கூடு பாத்து ஓட்டையைத் திறந்து மூடுமோ?" என்று கேட்டேன். அதிகாரி சிரித்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. கள்ளர் கூட்டம், மாட்டிக்கொண்டுவிட்டது என்று எனக்குள் ஒரு குதூகலம். அந்தக் குதூகலத்தை நினைத்தால் இப்போதும் எழும்பி எங்காவது போய்விட வேண்டும் போல இருக்கிறது.

"அப்ப ஒருக்காப் போய்ப் பாப்பம்" என்று அதிகாரி எழும்பினார். எல்லோரும் வாய்க்கால் கரையால் நடந்தோம். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே கரையில் ஓர் உடைவு. அதை ஒரு மண்மூடை அடைத்திருந்தது. மூடைக்கு அப்பால் ஈரம் காயாத ஒரு சிற்றோடை, நீர்ப்பாசனத் திட்டத்து எல்லையைத் தாண்டி ஒரு கச்சான் கடலைத் தோட்டத்துக்குள் போனது. மலையகத்திலிருந்து முன்னொரு காலம் கூலிவேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். காணிக்குப் பெர்மிட் இல்லை, ஆகவே தண்ணீருக்கும் முறை இல்லை. புருஷன் போன பிறகு அந்த வீட்டு அக்காதான் தனியே பயிர் செய்தார். கச்சான் பூத்து நின்றது. அவர் வேலியடியில் வந்து நின்று எங்களைப் பார்த்தார்.

நான் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லோருக்கும் இது முன்பே தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதிகாரி மெல்லிய குரலில், "இப்பிடி எல்லாருக்கும் முன்னால வந்த பிறகு நான் என்ன செய்யிறது, தலைவர்?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா, அடைச்சுவிடுறம்" என்றார் அப்பா. அடுத்த நாள் சீமெந்தைக் குழைத்ததும் அவர்தான்.

கரையிலிருந்து அன்று மோட்டார்சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது அவர் பின்னால் திரும்பாமலே சொன்னார்: "எங்கட முறையிலதான் அவா திறக்கிறவா. எங்களுக்குக் குறையக் கூடாதெண்டு மற்றவங்கள் தங்கட வயல் மடையைக் கொஞ்சம் வெள்ளெனவே அடைச்சு எங்களுக்கு விடுவாங்கள். ஆரும் ஆரையும் கேட்டதில்லை."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே அப்பா."

"சொன்னா அது கதையாப் போயிடும்" என்றார்.

அன்றும் அடுத்த நாளும் அறையை விட்டு நான் வெளியே வரவில்லை. வெட்கத்தில் மூளை எதையாவது திருத்தப் பார்க்கும், என்னுடையதும் பார்த்தது. பெட்டிக்கான நிரலைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன். இரவில் தண்ணீர் இறங்கினால் முந்திய அளவையே திரும்ப அனுப்பும். கோடு நேராக நிற்கும். அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டி, "சீமெந்தை உடைச்சுவிடுங்கோ, பெட்டி இனி ஒண்டும் சொல்லாது" என்றேன்.

அவர் போனைப் பார்க்கவில்லை. "இவ்வளவு காலமும் ஒருத்தரும் பொய் சொல்லேல்லை. இப்ப அதுக்கும் நீ ஒரு மெஷின் செய்து தாறாய்."

பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு வந்தேன். ஆனால் சீமெந்தைக் கழற்ற முடியாது. ஊரே பார்த்து அடைத்த ஓட்டையை இனி யாரும் பார்க்காத மாதிரித் திறக்கவும் முடியாது. அதிகாரி ஒருநாள் போன் எடுத்து, வேறு ஒரு வாய்க்காலுக்கும் அப்படிப் பெட்டி செய்து தரலாமா, தங்கச்சி கெட்டிக்காரி என்றார். சென்சர் பழுதாகிவிட்டது என்று பொய் சொன்னேன். கிளிநொச்சிக்குப் போகும்போது அந்த வேலியைத் தாண்டிப் போகவேண்டும் என்பதற்காகச் சுற்றுவழியில் சைக்கிள் மிதித்தேன். ஊரில் யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. கடையில் கண்டால் "சாப்பிட்டாச்சோ பிள்ளை?" என்றுதான் கேட்டார்கள். ஏசியிருந்தால் திரும்ப ஏசித் தப்பியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும்.

எங்கள் வயலில் களை பிடுங்கும் நாள் வந்தது. அம்மா தேத்தண்ணிக் கேத்திலை என் கையில் தந்து அனுப்பினார். கூலிக்கு வந்து வரம்பில் இருந்த பெண்களுக்கு ஊற்றிக்கொண்டே போனேன், கடைசியில் இருந்தவர் அந்த அக்கா.

"இந்த வாட்டி ஒங்க வயலுக்குத் தண்ணி நல்லாப் பாயுது, தங்கச்சி" என்றார்.

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். கேட்கக் கூடாததைக் கேட்டேன்: "உங்கட கச்சான் எப்பிடி அக்கா?"

"அதப் புடுங்கி மாட்டுக்குப் போட்டாச்சு. வீட்ல சும்மா இருக்க முடியாதில்ல, அதான் வந்தேன்" என்று சொல்லி, குடித்த கோப்பையை வாய்க்காலில் கழுவித் தந்துவிட்டு, கணுக்கால்வரை தண்ணீர் நின்ற எங்கள் வயலுக்குள் இறங்கினார்.